வெட்ட வருமா?

கல்யாண மோதிரத்துக்குக் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதுமே, கடைக்காரர் தங்கத் தட்டை நகர்த்திவிட்டு டைட்டானிய மோதிரங்களை எடுத்து வைத்தார்.

“இதுல ஜோடியா வாங்கினாலும் பணம் மிஞ்சும். நெளியாது, தேயாது, ஆயுசுக்கும் இருக்கும்.”

“அவசரத்துக்குச் சுலபமா வெட்ட வருமா?” என்று கேட்டாள் மணப்பெண்.

கல்யாணத்துக்காக வெளியூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது.

“லேசுல வெட்ட முடியாதும்மா,” என்றார் கடைக்காரர் பெருமையாக.

“அப்ப வேண்டாம். மெல்லிசா தங்கத்துலயே காட்டுங்க. இப்போதைக்கு அவருக்கு மட்டும் போதும்.”

அக்கா தம்பியைத் தனியே இழுத்தாள். “மோதிரம் போடறதுக்கு முன்னாடியே வெட்டற பேச்சு பேசறா. நீ பாட்டுக்கு நிக்கறே?”

அவன் இடது கையை நீட்டினான். மோதிர விரலைச் சுற்றி ஒரு தழும்பு.

“பட்டறையில கை மாட்டி, ஸ்டீல் மோதிரத்தோட விரல் நீலம் பாரிச்சுப் போச்சுக்கா. விரலையே எடுத்துடலாம்னாங்க. ஒரு நர்ஸ் மட்டும் விடாம உக்காந்து, மோதிரத்தை அறுத்து எடுத்தா.”

“யாரு?”

அவன் மணப்பெண்ணைப் பார்த்துச் சிரித்தான்.

அக்கா மணப்பெண்ணிடம் போய், மோதிரம் போட்ட தன் கையை நீட்டினாள்.

“ஏம்மா, என்னோடது வெட்ட வருமா, பாரு.”