முதல் நாள் பாடம்

வெப்சைட் செய்யக் கற்றுத்தரும் வகுப்பின் முதல் நாள். எழுந்து ஓடிவிடலாமா என்று கடைசி பெஞ்சில் தவித்துக்கொண்டிருந்தாள் தையல்காரம்மா. "பொத்தான் தைக்கிற கைக்குக் கோடிங் ஒரு கேடா?" என்று காலையில் கணவன் கேட்டது இன்னும் காதைக் குடைந்தது.

போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த வழுக்கைத் தலைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்னம்மா, சந்தேகமா? கூச்சப்படாம கேளுங்க."

"ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒண்ணுதானே சார்?"

"கத்தரிக்கோலும் கத்தரிக்காயும் ஒண்ணா?"

வகுப்பே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப எச்டிஎம்எல்?"

"அது சுவரு. சிஎஸ்எஸ் பெயின்ட்டு. சுவிட்சைத் தட்டினா லைட் எரியுதே, அந்த வேலை ஜாவாஸ்கிரிப்ட்டோடது."

"எந்த மொழியை சார் முதல்ல படிக்கணும்?"

"ஏதாவது ஒண்ணைப் பிடிங்க. எது நல்லதுன்னு விசாரிச்சே பாதிப் பேர் கிழவனாயிட்டாங்க."

"எனக்குக் கணக்கு சுத்தமா வராதே?"

"அதுக்குத்தானே கம்ப்யூட்டர் வாங்கி வச்சிருக்கு!"

பயம் பஞ்சாய்ப் பறந்தது. என்ன ஆனாலும் படித்தே தீருவது என்று நோட்டைத் திறந்தாள்.

"சார், நாளைக்கு என்ன பாடம்?"

"அது தெரியாதும்மா," என்றார் அவர், ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டே. "நான் ஏசி மெக்கானிக். வாத்தியார் இப்ப வந்துடுவாரு. இந்த ஏசி ஒவ்வொரு பேட்சுக்கும் முதல் நாள் கெட்டுப்போகும். ரிப்பேர் பண்ணிக்கிட்டே நானும் பாடம் கேப்பேன். பாழாப்போனது, ரெண்டாம் நாள் ஒரு தடவைகூட கெட்டதில்ல."