புவியீர்ப்பு ஒழிப்புச் சங்கம்

மனிதன் ராக்கெட்டில் ஏறி உலகத்தைச் சுற்றிவிட்டு வந்த மறு வருஷம், இலங்கை மலைநாட்டில் றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ‘அகில மலையகப் புவியீர்ப்பு ஒழிப்புச் சங்கம்’ ஆரம்பமானது. லாபநோக்கம் அற்றது என்று பெயர்ப்பலகையிலேயே எழுதியிருந்தது. பலகை தொங்கிய, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கூரை ஒழுகியது. அதை ஒழிக்க யாரும் சங்கம் வைக்கவில்லை.

செயலாளர், தேயிலை பேக்டரியில் மிஷின் பழுது பார்க்கும் அழகன். தலைவி, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. சங்கத்தின் விஞ்ஞான அறிக்கைகளில் பெருவிரலை வைப்பது அவள் பொறுப்பு. உறுப்பினர்கள் நாற்பத்திரண்டு பேர். அத்தனை பேரும் கொழுந்துக்காரிகள்.

தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் கண்டாக்கு பரமலிங்கத்துக்கு மூக்கில் வியர்த்தது. அழகனைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“சந்தா எவ்வளவடா வாங்கிறாய்?”

“சந்தாவே கெடையாதுங்க ஐயா.”

அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. காசு வாங்குகிற கள்ளனைப் பிடித்துவிடலாம். வாங்காத கள்ளனை எங்கே பிடிப்பது?

“பிறகு என்னத்துக்கு உந்தச் சங்கம்?”

“கனத்தைக் கொறைக்க ஆராய்ச்சி பண்றோமுங்க. மிஷினு ரெடி. பக்கத்துல வச்சு ஓட்டுனா, எந்தப் பொருளா இருந்தாலும் எடை எறங்கிரும்.”

“கூடையைத் தலையில மாட்டிக்கிட்டு மலையேறுறவளுக சாமி நாங்க,” என்றாள் பின்னால் நின்ற பேச்சியம்மா. “கனத்தைப் பத்தி எங்களை விட்டா வேற யாரு ஆராயுறது?”

பெண்கள் சிரித்தார்கள். பரமலிங்கத்துக்குக் கோபம் ஏறிவிட்டது. சங்கத்தில் இருப்பவளுக்கெல்லாம் இனி அரைப் பேர்தான் என்று கத்தினார். நாள் முழுக்கப் பறித்தாலும் அரை நாள் சம்பளம் என்று அதற்கு அர்த்தம். ஏற்கெனவே மாதத்தில் பாதி நாள், கொழுந்து நிறை போதவில்லையென்று அரைப் பேர் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பெரிதாக அதிரவில்லை.

ஆகவே அவர் வேறு வழியில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், எல்லாருக்கும் முன்னால் மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். கனம் குறையாவிட்டால் அழகன் தோட்டத்தை விட்டே போய்விட வேண்டும்.

“தோத்தா பொட்டியக் கட்டிர்றேனுங்க,” என்றான் அழகன். அவன் மனைவி நாகலெட்சுமிக்கு ஏழு மாதம். அன்றைக்கு அவள் அடுப்பே மூட்டவில்லை.

“ஹட்டன்ல நல்ல தராசா ஒண்ணு எரவல் கேட்டிருக்கேனுங்க,” என்று இழுத்தான் அழகன்.

“உன்ர தராசோ? அதுக்குள்ள என்ன கள்ள வேலை செய்து வச்சிருக்கிறியோ, ஆர் கண்டது! மடுவத்துத் தராசிலதான் நிறுக்க வேணும். நானே நிறுப்பன், நானே எழுதுவன்.”

அழகன் தலையைச் சொறிந்தான். வேறு வழியில்லாதவன் போல ஒத்துக்கொண்டான். பரமலிங்கத்துக்கு உள்ளே இனித்தது. மிஷின் ஓடுமுன் ஒரு தடவை, ஓடியபின் ஒரு தடவை. இரண்டும் ஒரே தராசு. எங்கிருந்து குறையும்?

அன்று மாலையே ஹட்டன் பொலிசுக்குக் கடிதம் போட்டார்: ‘கள்ள மெசின் காட்டிச் சனத்தை ஏமாற்றும் ஒருவனைக் கையோடு பிடித்துத் தருகிறேன், வரவும்.’

ஞாயிற்றுக்கிழமை மடுவத்தில் கால் வைக்க இடமில்லை. சிங்களப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் சக்கரம், செம்புக் கம்பிச் சுருள், உடைந்த ரேடியோவின் வயிறு எல்லாம் சேர்ந்த மிஷின், மேசைமேல் சிவப்புத் துணி போர்த்தி இருந்தது. பக்கத்தில் சாக்கில் இறுக்கிக் கட்டிய ஒரு பாரம்.

“சாக்குக்குள்ள என்ன கிடக்கு?”

“பாரந்தானுங்க ஐயா.”

“சரி, பிள்ளையாரெண்டாலும் எனக்கென்ன!”

தினமும் கொழுந்து தொங்கும் கொக்கியில் சாக்கை மாட்டினார்கள். முள் ஆடி நின்றது. பரமலிங்கம் சோக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ‘48 ராத்தல்’ என்று பெரிதாக எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

“சார்ஜன், நல்லாப் பாத்துக்கொள்ளுங்கோ. ஒன்பது வருசமா இந்தத் தராசில நிறுக்கிறது நான்தான். வேற ஆரையும் தொட விடுறேல்லை. ஒரு அவுன்சும் பிழைக்காது.”

“ரொம்ப நல்லதுங்க,” என்று அழகன் கும்பிட்டான். “இப்ப அந்தச் சாக்கைச் சார்ஜன் ஐயாவே அவுத்துப் பாக்கட்டும்.”

சார்ஜன் எழுந்துவந்து சாக்கை இறக்கி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது இரும்பு எடைக்கல். றொசல்ல ஸ்டேஷனில் பார்சல் நிறுப்பதற்கு வைத்திருப்பது. அதன் தலையில் வார்த்திருந்த இலக்கத்தை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.

“அம்பத்தாறு ராத்தல்,” என்றார். “கவர்மென்ட் முத்திரையும் இருக்கு.”

மடுவம் இரைந்தது. “எட்டு ராத்தலு கொறைஞ்சிருச்சுடி!” என்று ஒருத்தி கூவினாள். இன்னொருத்தி குலவையே போட்டுவிட்டாள்.

பரமலிங்கம் எடைக்கல்லைப் பார்த்தார். பலகையில் தன் கையெழுத்தைப் பார்த்தார். சார்ஜன் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை உருவுவதைப் பார்த்தார். அவருடைய பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிஷம், யாரும் எதிர்பாராத விதமாக, பாய்ந்துபோய் அழகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“வென்றிட்டாயடா தம்பி! மெசின் வேலை செய்யுது! எட்டு ராத்தலைத் தூக்கிப்போட்டுது! சார்ஜன், நானே சாட்சி! சங்கத்தில என்னையும் சேர்த்துக்கொள்ளடா!”

அழகன் கொஞ்ச நேரம் அந்த அணைப்பிலேயே மரியாதையாக நின்றான். பிறகு மெல்ல விடுவித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்:

“மிஷினை நான் இன்னும் ஓட்டவே இல்லீங்களே, ஐயா.”