மகள் படித்த ரஷ்ய பாஷை

“வீரய்யாண்ணே, ரஷ்யாக்காரன் இம்புட்டு நாளா நம்ம தேயிலையத்தான் கேட்டான். இப்ப பொண்ணையும் கேக்குறானாமே?”

பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தில் வைத்துத்தான் கணேசமூர்த்தி அப்படிக் கேட்டான். நாலு பேர் சிரித்தார்கள்.

இந்த மாதிரிப் பேச்சை வீரய்யா மனதில் முடிந்து வைத்துக்கொள்வார். பத்து வருஷமானாலும் அந்த முடிச்சு அவிழாது.

மகள் ஜீவராணி சனிக்கிழமை தவறாமல் தலவாக்கலைக்குப் போகிறாள். அங்கே போன் பேச, ஈமெயில் அனுப்ப என்று இருக்கிற கொமினிகேஷன் கடையில், கொம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ரஷ்ய பாஷையில் யாருக்கோ எழுதுகிறாள். அந்த ஆள் இவளுக்கு ரஷ்யன் சொல்லிக் கொடுப்பதாம், இவள் அந்த ஆளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதாம்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ரஷ்ய பாஷை எதற்கு?

உடப்புசல்லாவையில் நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. மூன்று தடவை பெண் பார்க்க வரக் கேட்டார்கள். மூன்று தடவையும் இவள்தான் தட்டிக் கழித்தாள்.

“மாசி கழியட்டும்பா.”

காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கும் போகவில்லை. தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கவில்லை. எல்லாம் அந்த ரஷ்யாக்காரன் செய்த வேலை என்று லயத்துச் சனமே பேசிக்கொண்டது.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். இந்தத் தடவை வீரய்யா அவளைக் கேட்காமலே வரச் சொல்லிவிட்டார். கணேசமூர்த்தியின் வாய் உடப்புசல்லாவை வரைக்கும் எட்டினால், இருக்கிற ஒரு பிள்ளையும் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

இன்னொரு பிள்ளை இருந்தான். கிஷாந்த். வீரய்யா தோட்டத்துத் துரை முன்னால் கைகட்டி நின்று, தேயிலை இஸ்டோரில் வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டு, ஏஜென்ட் ஒருவன் பின்னால் வெளிநாடு போனவன். அவன் ஒரு தடவை கொமினிகேஷன் கடைக்குப் போன் எடுத்து, அப்பாவோடு பேச வேண்டும் என்று ஆள் அனுப்பச் சொன்னான். வீரய்யா போகவில்லை. “எனக்கு மகனே இல்லைன்னு சொல்லிரு,” என்று வந்தவனைத் திருப்பி அனுப்பினார். அதற்கப்புறம் அவன் பேரை வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

அன்றும் சனிக்கிழமை. வீரய்யா லிந்துலையில் தலவாக்கலை பஸ் ஏறினார்.

கடைக்குள் ஜீவராணி அவரைக் கவனிக்கவில்லை. வீரய்யா கடைக்காரப் பையன் அழகனைக் கூப்பிட்டு, கொம்பியூட்டரைக் காட்டினார்.

“தம்பி, அதுல என்ன எழுதியிருக்கு? வாசி.”

“மேல இருக்கது ரஷ்யனுங்க, எனக்குத் தெரியாது. கீழ அந்த ஆள் எழுதுனது தமிழ்தான். இங்கிலீஷ் எழுத்துல இருக்கு.”

“அத வாசி.”

அழகன் தயங்கித் தயங்கி வாசித்தான். “‘பயப்படாதே. நான் பக்கத்துலதான் இருக்கேன். என் கையப் பிடிச்சுக்க. எங்க வலிக்குது?’”

ஜீவராணி திரும்பினாள். அதற்குள் வீரய்யா வயரைப் பிடுங்கிவிட்டார்.

“அப்பா, இன்னும் ரெண்டு வரி இருக்குப்பா. அவசரம்பா.”

“என்னடி அவசரம்? நாளைக்கு வாரவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

“யாருடி அவன்?”

“அவன் இல்லப்பா. ஒரு அம்மா. ரஷ்யாவுல ஆஸ்பத்திரி நர்ஸ்.”

“நர்ஸுக்கு எதுக்குடி தமிழ்?”

“ஏஜென்ட் பேச்சக் கேட்டு, பனியில நடந்து பார்டர் தாண்டப் போறாங்கள்ல நம்ம பையங்க. விழுந்து கிடக்குறவங்கள அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வாராங்க. நேத்தும் ஒருத்தன் வந்திருக்கான். அவன்கிட்ட பேசத்தான், நான் சொல்லிக் குடுத்த வார்த்தையெல்லாம் எழுதிப் பாத்தாங்க.”

வீரய்யா அவள் கையை விட்டார்.

“முன்னாடி ஒருத்தன் வந்தப்ப அவங்களுக்குத் தமிழ்ல ஒரு வார்த்தைகூடத் தெரியாது. ஒம்பது நாள் கிடந்து செத்துப் போனானாம். யாரு என்னன்னு தெரியல. சட்டைப் பையில ஒரு ஈமெயில் விலாசம் மட்டும் இருந்துச்சாம்.”

“யாரோடது?”

“என்னோடதுப்பா.”

நனைந்து கிடந்த பெஞ்சில் வீரய்யா அப்படியே உட்கார்ந்துவிட்டார். துக்கம் விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். அந்தத் துக்கத்தை இவள் ஒருத்தியாக அனுசரித்திருக்கிறாள்.

“எப்ப?”

“பத்து மாசமாச்சு.”

“பத்து மாசமா ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு... பெத்தவன் நான். ஏன்டி என்கிட்ட சொல்லல?”

ஜீவராணி பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி. எல்லாம் ரஷ்ய எழுத்து.

“அண்ணன் ஒம்பது நாளும் ஒரே பேச்சத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுச்சாம். அவங்களுக்குப் புரியல. காதுல விழுந்தத அப்படியே அவங்க எழுத்துல எழுதி அனுப்புனாங்க. இத வாசிக்கத்தான் நான் ரஷ்யன் எழுத்தே படிச்சேன்.”

“வாசி.”

“வேணாம்பா.”

“வாசிங்கிறேன்.”

அவள் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள்.

“‘அப்பாகிட்ட சொல்லிறாதீங்க.’”