வாடகை மூட்டு

கடற்கரை மணலில் உலோகம் தேடிப் பிழைக்கிற தில்லையம்மாவின் கருவி கீச்சிட்டது. தோண்டியதில் சிப்பி ஒட்டிய வளைந்த துண்டு ஒன்று கிடைத்தது. என்ன சாமானென்று பிடிபடாமல், சிப்பிக்கு நடுவே தெரிந்த எண்ணைப் போனிடம் காட்டினாள்.

"செயற்கை முழங்கால் மூட்டு. வாடகைப் பொருள். பயன்படுத்தியவர் அம்பலவாணன். உடனே நிறுவனத்திடம் ஒப்படைக்கவும்," என்றது போன்.

அம்பலவாணன் அவள் புருஷன். போன வருஷம் சுடுகாட்டில் சாம்பலிலிருந்து அந்த மூட்டைத் தனியே ஒதுக்கினார்கள். "அதுவும் அவர் எலும்புதான்" என்று சண்டை பிடித்து, அஸ்திக் கலயத்தில் போடவைத்து, இதே இடத்தில் கரைத்தவள் இவள்தான்.

"செத்தவரோடது உங்களுக்கு எதுக்கு?"

"உருக்கி வேறு மூட்டு செய்வோம்," என்றது போனில் வந்த நிறுவனத்தின் குரல்.

"அந்த மனுஷன் ஒருதரம் எரிஞ்சது போதும்."

தில்லையம்மா முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி, துண்டைப் பலங்கொண்ட மட்டும் வீசினாள்.

"இது குற்றம். உங்கள் பெயர் பதிவாகிறது."

"நல்லாப் பதிஞ்சுக்கோ. என் இடுப்புலயும் உங்க சாமான் ஒண்ணு இருக்கு. நான் போனா அதையும் இங்கதான் கரைக்கணும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிவச்சிருக்கேன். முடிஞ்சா கடலை ஜப்தி பண்ணச் சொல்லு."