மிஞ்சிய கை

மாளிகைப் படிக்கட்டின் வளைவில், வருகிறவர்களை மேலே அழைத்து வலக்கையை நீட்டி நின்றான் ஒரு சேவகன். ஆளுயர ஓவியம். அத்தனையும் அந்தக் காலத்தில் ஒரு போர்த்துகீசியப் பிரபு சுவரில் பதிக்கச் செய்த நீலப் பீங்கான் ஓடுகள். சுவரில் ஓதம் ஏறிவிட்டதால் கொத்தனார் பிலவேந்திரன் ஓடுகளைப் பெயர்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்குக்கட்டியால் எண் போட்டு அடுக்கியிருந்தார். பெருக்க வந்த சிலுவையம்மாள் அழுக்கென்று நினைத்து அவ்வளவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

பழைய போட்டோ ஒன்றைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததில் சேவகன் முழுசாக வந்துவிட்டான். ஆனால் ஓர் ஓடு மிச்சம். பெயர்த்துவிட்டு மறுபடி பதித்தார், மிச்சம். மூன்றாவது முறையும் அதே ஓடுதான் மிஞ்சியது. அதில் ஒரு குழந்தையின் கை இருந்தது, மணிக்கட்டு வரைக்கும்.

“எடுத்தது எழுவத்திரெண்டு, பதிச்சதும் எழுவத்திரெண்டு. இது எங்கேருந்து வந்துச்சு? நீ எங்கயாவது பொறுக்கிட்டு வந்து போட்டியா, எம்மா?”

“எனக்கெதுக்கு அண்ணாச்சி அந்த வம்பு? கழுவுன பாவத்துக்கே மூணு நாளா வாங்கிக் கட்டுதேன்.”

மறுநாள் புதுப்பித்த மாளிகையின் திறப்பு விழா. சுவரில் ஒரு விரல் வைக்கக்கூட இடைவெளி இல்லை. பிலவேந்திரன் அந்த ஓட்டைச் சாக்குத் துணியில் சுற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு கீழே இறங்கினார். கடைசிப் படியில் நின்று, பூச்சு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். சேவகன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை காலமும் வா என்று நீட்டியிருந்த கை, இப்போது கொடு என்று நீட்டியிருந்தது.

“மூணு நாளா இதக் கேக்க ஒனக்கு வாய் வரலியாவே?” என்று கத்தினார் பிலவேந்திரன்.