சாட்சிக்கு வந்த தண்ணீர்

வக்கீலம்மாவுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கோர்ட்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். கைப்பையில் பாட்டில் இருந்தது. பாட்டிலில் கால்வாய்த் தண்ணீர்.

காலையில் அவளே இறங்கி மொண்டது. வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தால் வாடையே இல்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் ஓடினாள். அக்கா பாட்டிலுக்குள் மூக்கையே விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணும் வரலையேம்மா."

இன்று விசாரணை என்று தெரிந்து, கால்வாயில் கழிவை விடுகிற தொழிற்சாலைக்காரன் நல்ல தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பானோ? செய்யக்கூடியவன்தான். அவனுடைய தில்லுமுல்லு அவளுக்குத் தெரியாதா என்ன? ஒரு காலத்தில் அவனுக்கே வக்கீலாக இருந்தவள்.

அப்போது ஒருமுறை அந்தக் கால்வாயைப் பார்க்கக் காரில் போனாள். கதவைத் திறந்ததுமே அங்கேயே வாந்தி எடுத்தாள். இந்த நாற்றத்திலும் மனிதர்கள் குடியிருக்கிறார்களே என்ற நினைப்பு அதற்கப்புறம் அவளைத் தூங்க விடவில்லை. வேலையை உதறிவிட்டு, கால்வாய்த் தெருவிலேயே வீடு பிடித்தாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் இன்று தோற்றால் தொழிற்சாலை இன்னொரு குழாயையும் கால்வாயில் விடும். தெரு அதோடு காலி.

வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்த முகமாக எழுந்தார்.

"நாத்தம் நாத்தம்னு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க ஐயா. எங்க, அந்த மூடியைத் திறக்கச் சொல்லுங்க, நாமளும் பாப்போம்."

வேறு வழியில்லை. திறந்தாள்.

ஒரு வாடையும் வரவில்லை. எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்காலி தடாலென்று நகர்ந்தது. நிமிர்ந்தாள்.

நீதிபதி மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார். குமாஸ்தா ஜன்னலைத் திறக்க ஓடினார். எதிர்த்தரப்பு வக்கீல் வாயில் கைக்குட்டையோடு வாசலை எட்டிவிட்டார்.

ஜெயித்துவிட்டோம்! சந்தோஷம் தாங்காமல் பின்னால் திரும்பினாள்.

கடைசி பெஞ்சில் அவள் தெருக்காரர்கள் மட்டும் மடியில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஏன் ஓடுகிறார்கள் என்று அக்கா கண்ணாலேயே கேட்டாள்.

வக்கீலம்மா பாட்டிலை மூக்கோடு வைத்து மூச்சை நன்றாக இழுத்தாள்.

இன்னொரு முறை இழுத்தாள்.