பாரிவாக்கம் ராஜசேகரனின் கோல்

மாலை சூட்டிய படத்தின் முன்னால் நின்றிருந்த முதியவர், தோள்கள் குலுங்க, மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த கோகுல்நாத் பதறிப்போனான்.

பதற மாட்டானா பின்னே? படத்தின் கீழே ‘ஸ்னூக்கர் சாம்பியன் பாரிவாக்கம் ராஜசேகரன், 1948–1999’ என்று எழுதி ஒட்டியவனே அவன்தான். அப்படி ஒருவர் பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.

பூந்தமல்லியில், மேசைமேல் பந்துகளைக் கோலால் குழிக்குள் தள்ளி ஆடும் ஸ்னூக்கருக்கு அவன் கூடம் திறந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. அவனிடம் இருந்தவை இரண்டே மேசைகள். அம்பத்தூர்ப் போட்டியாளனிடமோ ஆறு. மாவட்டப் போட்டியை நடத்தும் வாய்ப்பை யாருக்குத் தருவது என்று முடிவுசெய்ய, ஸ்னூக்கர் சங்கச் செயலாளர் பஷீர் அகமது அன்று காலை வருவதாக இருந்தார். அது கைநழுவினால், கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட வேண்டியதுதான்.

மேசை எண்ணிக்கையில் உள்ள குறையைப் பாரம்பரியத்தால் நிரப்ப நினைத்தான் கோகுல்நாத். சுவரில் ‘மறக்க முடியாத மாமன்னர்கள்’ என்று எழுதி, மறைந்த வெளிநாட்டு வீரர்கள் இருவரின் படங்களை மாட்டினான். உள்ளூருக்கும் ஒருவர் வேண்டுமே!

இழுத்து மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே இந்தப் படம் அகப்பட்டது. கோட்டு அணிந்த இளைஞர், அரும்பு மீசை, கையில் நெடிய கோல், அதில் வரிசையாக வெள்ளைக் கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரு வெற்றி என்று கோகுல்நாத் சொல்லிவைத்தான்.

ஒரே மாதத்தில் ஊருக்கே ராஜசேகரன் நினைவுக்கு வந்துவிட்டார். “எங்க நைனாவ இவரு ஒத்தக் கையால தோக்கடிச்சாராம், மாமே!” என்றான் நாள் தவறாமல் ஆட வரும் இளங்கோ. “கரண்டு போயிடுச்சாம். இருட்டுலயே நாலு பந்த உள்ள தள்ளிட்டாராம்!” என்றான் அவனுடன் ஆடிய மஸூத். கோகுல்நாத்துக்கே சில சமயம் ஐயம் வந்தது, ஒருவேளை நிஜமாகவே இப்படியொரு மனிதர் இருந்திருப்பாரோ என்று.

ஆனால், அழுவதற்கு ஓர் ஆள் வருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“யாரு பெரியவரே நீங்க?”

“என் பேரு நடேசன். திருமுல்லைவாயில்ல பொண்ணு ஊட்ல கீறேன். பேரன்தான் சொன்னான், இங்க படம் மாட்டிக் கீறாங்கன்னு. இவர எனக்கு நல்லாத் தெரியும், நைனா.”

“தெரியுமா?”

“அந்தக் கோல்ல பன்னெண்டு கோடு கீதே, ஒண்ணொண்ணையும் நான் தொட்டுப் பாத்துக் கீறேன்.”

படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே அவர் சொன்னார். கோகுல்நாத் அவசரமாக எண்ணினான். சரியாகப் பன்னிரண்டு. புளுகினாலும் கூர்மையான கண்ணுள்ள மனிதர், வந்தவுடனே எண்ணியிருப்பார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அதற்குள் பஷீர் அகமது வந்துவிட்டார். இரண்டு மேசைகளையும் ஒரே பார்வையில் அளந்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பினார்.

“இவரு யாருப்பா?”

“என்ன சார், உங்களுக்குத் தெரியாததா? நம்ம பாரிவாக்கம் ராஜசேகரன்!”

முப்பது ஆண்டுகளாகச் சங்கத்தில் இருப்பவர் அவர். ஒரு சாம்பியனைத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

“அட, தெரியாம என்ன! கண்ணாடி போடாம பாத்தேன், அதான். ஆவடியில ஒரு தடவை இவர்கிட்ட ஒரே ஒரு பந்துல தோத்தேன்” என்றார்.

கோகுல்நாத்துக்கு மூச்சு வந்தது. அதே கணத்தில் நடேசன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னே வந்தார். மூச்சு மறுபடி நின்றது.

“ஞாபகம் கீது சார். அன்னிக்கு நீங்க நல்லாத்தான் ஆடுனீங்க.”

செயலாளரின் மார்பு விம்மியது. “நீங்களும் அங்க இருந்தீங்களா?”

“நான் இல்லாம அவரு ஒரு எடத்துக்கும் போனதில்ல சார்.”

பஷீர் அகமது படத்துக்கு ஒரு சலாம் வைத்தார். “அம்பத்தூர்ல மேசை இருக்கு, இங்க சரித்திரம் இருக்கு. போட்டி உங்களுக்குத்தான், தம்பி” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வாசலில் வண்டிச் சத்தம் தேயும்வரை பொறுத்திருந்த கோகுல்நாத், முதியவரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டான். “பெரியவரே, என் மானத்தக் காப்பாத்துனீங்க. உங்ககிட்ட மறைக்க மாட்டேன். ராஜசேகரன்னு ஒரு ஆளே கெடையாது.”

“தெரியும், நைனா.”

“அப்புறம் எதுக்கு அழுதீங்க?”

“அழுதனா? சிரிப்ப அடக்க முடியல, கண்ல தண்ணி வந்துடுச்சு. அது பந்து அடிக்கிற கோலா? செம்பரம்பாக்கம் ஏரியில நான் தண்ணி அளந்த கோலு! கோட்டு அந்த ஸ்டுடியோக்காரனோடது.”

கோகுல்நாத் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நடேசன் ஆற அமரப் படத்தின் அருகே சென்று மாலையைக் கழற்றினார். தம் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

“சாம்பியனாவே இருந்துட்டுப் போறேன் நைனா, அந்தச் செத்த வருசத்த மட்டும் அழிச்சுடு, போன வாரந்தான் பென்சன் ஆபீசுல உயிரோட கீறேன்னு கைரேக வச்சுட்டு வந்தேன்!”